வாங்காமல் விட்ட டீசல் வண்டி

என் மகன் போன மாதம் தன் கடைக்கு ஒரு சிறிய சரக்கு வண்டி வாங்கினான். வாங்குவதற்கு முன் பெட்ரோலா டீசலா என்று வீட்டில் சில நாள் பேச்சு ஓடியது. மருமகள் ஒன்று சொன்னாள். பேரன் கைப்பேசியைப் பார்த்து வேறொன்று சொன்னான். கடைசியில் மகன் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க அத்தா?" என்று கேட்டான். எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நாம் எல்லோரும் இப்படித்தான் பதில் சொல்லப் பழகிவிட்டோம். பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் தெரியாது என்று நான் சொன்னது பொய். பத்து வயதில் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்ன பதிலை நம்பி ஒரு வண்டியை வாங்கி, இன்னொரு வண்டியை விட்டுவிட்டார்கள். அந்தப் பதிலும் பொய்தான்.

எங்கள் வீடு பூந்தமல்லியில் இருந்தது. முன்கட்டில் குடித்தனம், பின்கட்டில் ரொட்டி அடுப்பு. ஆள் உள்ளே தவழ்ந்து போகலாம், அவ்வளவு பெரிய அடுப்பு. சவுக்குக் கட்டை எரித்து, தணலை ஓரமாக ஒதுக்கி, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்துவிட்டு, தகரத் தட்டுகளை நீண்ட மரத்துடுப்பால் உள்ளே தள்ளுவார்கள். பன், பொறை, வர்க்கி, இரண்டு அளவில் ரொட்டி. எழுபதுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாதத்துக்கு ஒரு புதுத் தொழிற்சாலைக் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு டீக்கடை, டீக்கடைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அந்தப் பெட்டிகளை நிரப்ப பன் வேண்டும். காலைச் சங்கு ஊதுவதற்குள் வேண்டும். எங்களிடம் இருந்ததோ தகரப் பெட்டி வைத்த ஒரு மூன்று சக்கர மிதிவண்டி. அதை ஓட்டிய ரொட்டி வண்டிக்காரர் ஆவடி வரைக்கும் மிதிப்பார். அதற்கு மேல் மிதித்தால், "பன்னு போயி சேரும், நான் சேரமாட்டேன்" என்பார். ஆகவே ஒரு பிக்கப் வேன் வாங்குவது என்று அத்தா முடிவு செய்தார்.

வீட்டில் ஆட்கள் குறைவு. அத்தாதான் முதலாளி. அவருடைய தம்பி, என் சின்னத்தா, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே மவுத்தாகிவிட்டதால் என்னை வளர்த்தது அக்கா. அக்காவுக்கு முந்தின வருடம் கல்யாணம் ஆகி, மச்சான் எங்கள் வீட்டுக்கே வந்து இருந்தார். ஆவடி ராணுவ முகாமில் ஒப்பந்த ஆளாக லாரி பழுது பார்த்தவர். கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் ஒப்பந்தம் முடிந்தது, வேலையும் முடிந்தது. அக்காவை அழைத்துப் போகத் தனி வீடு எடுக்க முடியவில்லை. அடுப்படியில் கட்டை பிளந்தார், தட்டு கழுவினார். யாரும் வேலை சொல்லவில்லை, அவராகவே செய்தார். "ஊட்டோட மாப்ள" என்று தெருவில் சொன்னார்கள். சின்னத்தா வீட்டிலேயே சொன்னார்.

விலைக்கு வந்தவை இரண்டு பழைய வண்டிகள். ஒன்று ஆவடியில் ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பெட்ரோல் பிக்கப். பச்சைக்கு மேல் யாரோ வெள்ளை அடித்திருந்தார்கள். கதவோரத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். அதைச் சின்னத்தா ஒரு தரகர் மூலமாகப் பிடித்தார். மற்றது ஒரு மணல் குத்தகைக்காரருடையது. பெட்ரோல் வண்டியாகப் பிறந்து, பாதியில் டீசல் இன்ஜின் மாற்றப்பட்ட நீல வண்டி. அம்பத்தூரில் ஒரு கொட்டகையில் அந்த இன்ஜினை ஏற்றி இறுக்கியவர்களில் மச்சானும் ஒருவர். அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும் அவருக்குத் தெரியும். "பொறந்ததிலேர்ந்து நான் பாத்த புள்ளை மாதிரி மாமா அது" என்றார் அத்தாவிடம்.

எந்த எண்ணெய் என்பதுதான் பேச்சு. ஆனால் முடிவாக வேண்டியிருந்தது வேறு. சின்னத்தா முன்பு ஒரு டாக்டரின் பெட்ரோல் காரை ஓட்டியவர், லைசென்ஸ் வைத்திருந்தார். டீசல் வண்டி அவருக்கு வசப்படாது. குளிர்ந்த காலையில் அதைக் கிளப்பவும், குழாயில் காற்றுப் புகுந்தால் எடுக்கவும் மச்சானால்தான் முடியும். டீசல் வந்தால் மச்சான் ஓட்டுவார், பெட்ரோல் வந்தால் சின்னத்தா. எங்கள் தொழிலில் ரொட்டி சுடுகிறவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. கொண்டுபோய்ப் போடுகிறவனைத்தான் கடைக்காரர்கள் பாய் என்று கூப்பிடுவார்கள், நாளைக்கு எத்தனை தட்டு என்று அவனிடம்தான் சொல்வார்கள். வண்டியில் ஏறுகிறவன் கொஞ்ச நாளில் முதலாளி ஆகிவிடுவான். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மாவு பிசைகிற நேரமெல்லாம் எண்ணெயைப் பற்றியே பேசினார்கள்.

"டீசலு வண்டியில பன்னு ஏத்தினா, தின்னவன் ஏப்பம் வுட்டாக்கூட பொகை வரும்" என்றார் சின்னத்தா.

"அப்போ சைலன்சர எங்க மாட்டுறது பாய்?" என்றார் ரொட்டி வண்டிக்காரர். அடுப்படியே சிரித்தது.

மச்சானும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பொகை பின்னாலதான போவும் சின்ன மாமா. டீசலு வெல கம்மி, குடிக்கிறதும் கம்மி. பெட்ரோலு ஊத்துனா சம்பாரிக்கிறதெல்லாம் பங்க்குக்காரனுக்குத்தான்."

"வெலயப் பத்தி ஒனக்கு இன்னா? ஊட்டோட கீற ஆளு. தட்டு வந்தா துன்னு."

மச்சான் மாவுத்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்வாசலில் நின்றிருந்த அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

அத்தா ஒரு சிட்டிகைப் பொடியை மூக்கில் ஏற்றினார். "வெல கெடக்கட்டும். பன்னுல வாசன ஏறிச்சுன்னா எவன் வாங்குவான்? அத்த மொதல்ல சொல்லுங்க" என்றார். அவர் கவலை உண்மையில் அதுதான். ரொட்டி பக்கத்தில் இருக்கிற எதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை தட்டுக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கூடையை வைத்துவிட்டு ஒரு நாள் சரக்கையும் மாட்டுக்குப் போட்டிருக்கிறோம்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முந்தின நாள் மாவில் ஒரு உருண்டை எடுத்து வைத்து மறுநாள் மாவில் சேர்ப்பார்கள். அது புளித்துப் பொங்க வேண்டும். சரியான பதத்தில் அதற்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் தாண்டினால் காடி நெடி அடிக்கும். அதைக் கண்டுபிடிப்பது பெரியவர்களால் ஆகாது. அத்தாவின் மூக்கைப் பொடி கெடுத்திருந்தது, சின்னத்தாவின் மூக்கை பீடி, மற்றவர்களுடையதை அடுப்புப் புகை. அதனால் வீட்டில் எது சின்ன உருப்படியோ அதைத் தூக்கித் தொட்டிமேல் பிடித்து, "சொல்லு" என்பார்கள். "ஆச்சு" என்று சொன்னால் அடுப்பு மூட்டுவார்கள், "இன்னும்" என்றால் காத்திருப்பார்கள். அந்த வயதில் எனக்குப் பள்ளியில் ஒரு மதிப்பும் கிடையாது. மாலையில் மாத்திரம் நாலைந்து பெரிய ஆட்கள் என் மூக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

"அப்போ பையன் மூக்கு சொல்லட்டும்" என்றார் அத்தா. "ரெண்டு வண்டியிலயும் ஒரு நாளு சரக்கு ஏத்துவோம். பின்னால பன்னோட ஒக்காந்து அம்பத்தூர் போயி வரட்டும். எதுல நாறுதோ அது வாணாம்."

பத்து வயதுப் பையனை நம்பி ஒரு குடும்பம் இப்படி ஒரு முடிவெடுக்குமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குடும்பம் எடுத்தது. நியாயமான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பையனுக்கு இதில் எந்தப் பக்கமும் இல்லை என்று நினைத்தார்கள்.

எனக்குப் பக்கம் இருந்தது. தட்டில் மூலையில் இருக்கிற பன் இரண்டு பக்கமும் சிவந்து, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மூலைப் பன் என்னுடையது. அக்கா அதைச் சுடச்சுட முந்தானையில் சுற்றிக்கொண்டுவந்து கொடுப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அது மச்சானுக்குப் போனது. அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கிப் பழகியவன் நான். அவர்களுக்கென்று தட்டி வைத்து ஓர் அறை மறைத்துக் கொடுத்தபின் சின்னத்தாவின் பீடி நாற்றத்தில் படுக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. மச்சான் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. அவரை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் அவர் கொடுக்கவில்லை. அது இன்னும் கோபமாக இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு பகல், தட்டிக்கு அந்தப் பக்கம் மச்சான் பேசுவது கேட்டது. "வண்டி வந்தா இங்கயே இருந்துறலாம். எனக்கும் ஒரு மரியாத வரும். வர்லன்னா நான் பம்பாய் லாரிக்குப் போயிடுறேன். சும்மா ஒக்காந்து துன்னுகினு இருக்க முடியாது." அக்கா என்ன பதில் சொன்னாள் என்பது கேட்கவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. டீசல் வராவிட்டால் மச்சான் போவார், மச்சான் போனால் அக்கா எனக்கு. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

முதலில் பெட்ரோல் வண்டி. மரப்பெட்டிகளில் செய்தித்தாள் விரித்து, சூடு ஆறாத பன்களை அடுக்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். உள்ளே பெட்டிகளுக்கு நடுவில் நான். பெட்ரோல் தொட்டி சீட்டுக்குப் பின்னால், நான் உட்கார்ந்திருந்த பக்கமாகவே இருந்தது. அதன் மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு துணியைச் சுற்றித் திருகியிருந்தார்கள். சென்னீர்குப்பம் தாண்டுவதற்குள் துணி நனைந்துவிட்டது. எனக்குப் பெட்ரோல் வாசனை மிகவும் பிடிக்கும். குளிர்ந்த, தித்திப்பான, மூக்கின் மேல்புறத்தில் ஏறுகிற வாசனை. பின்னாளில் நான் வேதியியல் படித்து, அதையே கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றேன். அந்தத் தித்திப்பு எதனால் என்று மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அந்தத் துணி நினைவுக்கு வரும். ஆவடியில் சோதனைக்கு வந்த டாங்கி ஒன்று சாலையைக் கடக்கும்வரை எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். தரை அதிர்ந்தது, தொட்டிக்குள் பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டது. ஒரு பன்னை எடுத்துக் கடித்தேன். நாக்கு நுனி மரத்தது. அடிப் பெட்டியிலிருந்து இன்னொன்று எடுத்தேன். அதிலும் அதே வாசனை.

வழியில் சின்னத்தா இரண்டு தடவை தலையைத் திருப்பி, "இன்னாடா, ஒண்ணும் தெரியலல்ல?" என்று கேட்டார். வண்டி வந்துவிட்டால் முன் சீட்டில் உட்கார்ந்து ஆரன் அடிக்கலாம் என்றும் சொன்னார்.

மறுநாள் நீல வண்டி. மச்சான் என்னை முதலில் முன்பக்கம் ஏற்றி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டையைக் காட்டினார். உள்ளே ஒரு கம்பிச்சுருள். "பொத்தான அமுக்கிகினே இரு. செவக்குதா பாரு." கம்பி மெதுவாகச் சிவந்தது. "ஆங், இப்பதான் அது முழிச்சிகினுது" என்றார். இன்ஜின் கிளம்பியதும் வண்டி முழுக்க நடுங்கியது, என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. பயமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புகைக்குழாயை அவர் நீட்டி, வளைத்து, பக்கவாட்டில் தள்ளி விட்டிருந்தார். தார்ப்பாய்க்குள் பன் வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை. நான் பெட்டி பெட்டியாக முகர்ந்து பார்த்தேன். பருத்திப்பட்டில் கூவத்துப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து தார்ப்பாயைத் தூக்கினார்.

"இன்னாடா, மூச்சு கீச்சு முட்டுதா?"

"இல்ல மச்சான்."

"தண்ணி குடி."

கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் கொடுத்தார். கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் மாடுகள் நின்றன. நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று என் முடியில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துணுக்கை எடுத்துப் போட்டார். வாசனை வருகிறதா, வீட்டில் என்ன சொல்லப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று பிற்பகல் அடுப்படியில் இரண்டு வண்டியின் மிச்சப் பன்களையும் இரண்டு தட்டில் வைத்துவிட்டு எல்லோரும் நின்றார்கள்.

"சொல்லுடா" என்றார் அத்தா.

"டீசல்ல நாறுது. பன்னுல ஏறிடுச்சு."

"பெட்ரோலு?"

"அதுல ஒண்ணும் இல்ல."

சின்னத்தா தொடையைத் தட்டினார். "நான் தல தலயா அடிச்சிகினேன்ல? மூக்குன்னா இது மூக்கு!" ரொட்டி வண்டிக்காரர், "அப்ப இந்தப் பன்ன நான் துன்னுடட்டா மொதலாளி? பத்தவெச்சா எரியுமான்னு பாத்துட்டு துன்றேன்" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் நீல வண்டித் தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்தார். முகர்ந்தார். பிய்த்து மறுபடி முகர்ந்தார். வருடக்கணக்காக டீசலில் கை கழுவியவர். தன் மூக்கை நம்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். "இருக்கலாம் மாமா" என்றார் அத்தாவிடம். "எனக்குத் தெரியல. அவனுக்குத் தெரிஞ்சா சரியாத்தான் இருக்கும்." அக்கா வந்து இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெட்ரோல் வண்டி வந்தது. அது வந்த பிறகும் மச்சான் சில நாள் அந்த நீல வண்டியை விடவில்லை. குத்தகைக்காரரிடம் இருந்த வண்டியடியில் படுத்துப் புகைக்குழாயைத் துருவிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு, "டேய், எப்டி நாறுச்சு? பொகை மாதிரியா, எண்ணெ மாதிரியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. டாக்டர் நோயாளியிடம் கேட்கிற மாதிரி கேட்டார். புகை மாதிரி என்றேன். தலையசைத்து, மறுநாள் மறுபடி போய்ப் பார்த்தார்.

பிறகு பம்பாய் லாரிக்குக் கிளம்பிவிட்டார். கிளம்புகிற அன்று அக்கா தன் புடவைகளையும் மடித்துப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். "மொதல்ல நான் போயி ஒரு ஊடு பாத்துட்டு கூட்டிகினு போறேன்" என்றார் மச்சான். அவள் புடவைகளை வெளியே எடுத்து வைத்தாள். அன்று சாயங்காலம் மூலைப் பன் எனக்கு வந்தது. நான் சாப்பிட்டேன்.

வண்டியில் முன் சீட்டு எனக்குக் கிடைத்தது, ஆரனும் கிடைத்தது. பள்ளி விடுமுறைகளில் சின்னத்தாவோடு எஸ்டேட்டுக்குப் போவேன். அப்போதுதான் ஒன்றைப் பார்த்தேன். லேத்தில் நின்றவர்கள், பிரஸ்ஸில் நின்றவர்கள் டீ வேளைக்கு வெளியே வருவார்கள். கையைக் கழிவுப் பஞ்சில் ஒரு துடை துடைத்துவிட்டு அப்படியே பன்னை எடுத்து டீயில் நனைத்துத் தின்பார்கள். பன்னில் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு. ஆயிலும் கிரீஸும் மணக்கிற கைகள் அவை. எங்கள் பன் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. மண்ணெண்ணெய் வாசனை அடித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசனை என்ற பேச்சே அந்த வாசல்களில் இல்லை. அத்தா கவலைப்பட்டது இல்லாத ஒன்றுக்காக. இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? அவர் அடுப்படியை விட்டு எஸ்டேட்டுக்கு வந்ததே இல்லை.

அதற்கடுத்து அரபு நாட்டுச் சண்டை வந்தது, பெட்ரோல் விலை ஏறியது. உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் நிறையப் பேர் கார்களைத் துணி போட்டு மூடி வைத்தார்கள். சின்னத்தா மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிப் பார்த்தார். வண்டி இருமியது, மேட்டில் நின்றது, பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. செங்கல்மேல் தூக்கி வைத்தோம். அதன் கீழே கோழிகள் முட்டையிட்டன. ரொட்டி வண்டிக்காரர் மறுபடி மிதித்தார். அம்பத்தூர் வாசல்களை ஆவடியிலிருந்து வந்த வேறொரு பேக்கரி பிடித்துக்கொண்டது. அவர்கள் டீசல் வண்டியில் வந்தார்கள்.

மச்சான் மூன்று பெருநாளுக்கு வந்தார். வந்தபோதெல்லாம் எனக்கு ஏதாவது வாங்கி வந்தார். அக்காவிடம், வீடு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்றார். நாலாவது பெருநாளுக்கு வரவில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று லாரிக்காரர் ஒருவர் மூலமாகத் தெரிந்தது. அத்தா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அக்கா பேசினாள், வழக்கம்போல வேலை செய்தாள். குழந்தை இல்லை. மறுபடி கல்யாணம் பேசியபோது, "ஒரு தடவ போதும்" என்றாள். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். அடுப்பை இடித்து அந்த இடத்தில் வாடகை வீடு கட்டினோம். அப்போதும் அவள் எங்களோடுதான் இருந்தாள். என் பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள். அவளைப் பார்த்து யாரும் பரிதாபப்பட முடியாது, அப்படி நிமிர்ந்து இருப்பாள். நான்தான் அவளோடு தனியாக உட்காருவதைத் தவிர்த்துவந்தேன்.

சில வருடங்களுக்கு முன் பம்பாயிலிருந்து ஒருவன் தொலைபேசியில் பேசினான். மச்சானின் மகன். மச்சான் மவுத்தாகிவிட்டார், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லச் சொன்னார் என்றான். அக்காவிடம் சொன்னேன். அவள் கையேந்தி துஆ செய்தாள். பிறகு வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று நானும் எதிரில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டீசல் வண்டியில் ஒரு நாற்றமும் இல்லை, நாறியது பெட்ரோல் வண்டிதான், அவர் போக வேண்டும் என்றுதான் மாற்றிச் சொன்னேன் என்று நேராகவே சொன்னேன். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தானே.

"தெரியும்" என்றாள் அக்கா.

"எப்டி?" என்றேன்.

"ரெண்டு தட்டையும் நான்தான உள்ள எடுத்துகினு போனேன்? ரெண்டையும் தின்னு பாத்தேன். ஒனக்கு முன்னாடி அந்தத் தொட்டிமேல தூக்கிப் புடிச்சது என்னத்தான்டா. அத்த மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். நான் பிறப்பதற்கு முன் வீட்டில் சின்ன உருப்படி அவள்.

"அப்போ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"வண்டி வந்தா இங்கயே இருந்துறலாம்னாரு. எனக்கு இங்க இருக்கப் புடிக்கல. சின்னத்தா பேச்சு, அடுப்புப் பொகை, தட்டி மறைச்ச ரூமு. வண்டி வர்லன்னா கெளம்பிடுவாரு, என்னையும் கூட்டிகினு போவாருன்னு நெனச்சேன். நீ பொய் சொன்னது எனக்கு நல்லதுன்னு வாய மூடிகினேன்."

அவள் புடவைகளை மடித்தது அதற்காகத்தான். ஐம்பது வருடம் என்னுடையது மட்டும் என்று நான் வைத்திருந்ததில் அவளுக்கும் பங்கு இருந்தது. கேட்டதும் எனக்கு இலேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"கடசியா பெருநாளுக்கு வந்தப்ப கேட்டாரு. 'அந்தப் பன்னு நெஜமாவே நாறுச்சா? நீ தின்னு பாத்தியா?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, நாறுச்சுன்னேன். வேற இன்னா சொல்றது? எந்தம்பி பொய் சொன்னான்னா? அப்ப ஒனக்கு மீசகூட மொளைக்கல. ஒம் மேல அவருக்கு உசுரு."

"அதுக்கு அவரு?"

அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் யோசிச்சிகினே இருந்தாரு. அப்புறம், 'அப்ப சைலன்சர் ஜாயின்டுதான். நான்தான் சரியா இறுக்கல போல'ன்னாரு."